இருபத்து மூன்றாவது பெயர்

அத்தியாயம் 14

போன வாரம் தெயோதாவை மேயர் அலுவலகத்தின் பின்வாசலில், எழுத்தர் சிகிஸ்பேரின் எதிரே கைகட்டி நிற்க வைத்துவிட்டு வந்தோம். பத்து வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை அந்த மனுஷனிடம் கொட்டிவிட்டான். கொட்டியதில் பாரம் பாதி குறைந்திருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு இவன் அம்மாவைத் தெரியாது என்று அர்த்தம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் ஆட்சியிலிருந்த மரி-கலாந்த் தீவில் வியே-ஆன்ஸ் என்கிற கடலோர ஊர். வருடம் 1925. லொபியே குடும்பத்து எமராந்த் அம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லியான்ஸ், நடுவில் சிதோனி, கடைக்குட்டி தெயோதா. மகன்கள் இருவரும் ஒரே கப்பலில் பிரான்ஸின் சண்டைக்குப் போனார்கள்.

லியான்ஸ் 1915-இல் டார்டனல்ஸ் கரையில் செத்தான். எதிரி சுட்டுச் சாகவில்லை. தன் கையைத் தானே சுட்டுக்கொண்டு சண்டையிலிருந்து தப்பப் பார்த்தான் என்று சொந்தப் படையே விசாரித்து, கம்பத்தில் கட்டிச் சுட்டது. விசாரணையில் ஒரே சாட்சி தம்பி. "குண்டு பட்டபோது உன் அண்ணன் உன் பக்கத்தில் நின்றானா?" என்று கேட்டார்கள். "நான் பார்க்கவில்லை" என்றான் தெயோதா. அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அப்படிச் சொல்லச் சொன்னதே லியான்ஸ்தான். பொய்ச்சாட்சி சொல்கிறவனுக்கும் அதே கம்பம் என்று அதிகாரி முன்கூட்டியே அறிவித்திருந்தார். "நீயாவது வீடு போய்ச் சேருடா, பார்க்கலைன்னு சொல்லிடு" என்று அண்ணன் தம்பியின் காதில் சொன்னான். அதைக் கேட்ட காது தம்பியுடையது மட்டும்தான்.

ஊர் திரும்பிய தெயோதா, "அண்ணன் நேருக்கு நேர் நின்னு செத்தான்" என்று அம்மாவிடம் சொன்னான். மேயர் அலுவலகத்தில் இறந்தவர் பட்டியல் எழுதியபோதும் அதையே சொன்னான். வீட்டுக்காரர்கள் வந்து சொன்ன பெயர்களை எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். சண்டை நின்ற நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, ஒவ்வொரு வருடமும் சதுக்கத்தில் அந்தப் பட்டியலை வாசிப்பார்கள். ஒரு பெயர் கூப்பிட்டதும், அந்த வீட்டிலிருந்து ஒருவர் "பிரான்ஸுக்காக இறந்தான்" என்று பதில் சொல்ல வேண்டும். உடனே மேளத்தில் ஒரு அடி விழும்.

இந்த வருடம் சதுக்கத்துக்கு நினைவுக்கல் வந்துவிட்டது. கல்லில் பெயர்கள் பாரிஸ் அனுப்பிய பட்டியலின்படி வெட்டப்பட்டவை. இருபத்திரண்டு பெயர்கள். லியான்ஸ் அதில் இல்லை.

எமராந்த் அம்மாளுக்கு எழுத்து தெரியாது. தெயோதாவின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லில் இல்லாவிட்டாலும் வாயால் ஒரு பெயரைக் கூடுதலாக வாசித்துவிடுங்கள் என்று எழுத்தரிடம் கெஞ்சியிருந்தான். அவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்ட இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினோம்.

*

விடிந்ததும் எமராந்த் அம்மாள் காபியை மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். ஒன்று தனக்கு, ஒன்று சிதோனிக்கு, ஒன்று லியான்ஸின் நாற்காலிக்கு எதிரே. தெயோதாவுக்குப் பாத்திரத்தின் அடியில் வண்டல் இருந்தது. அவன் அதைக் குடித்துப் பழகியவன்.

"அம்மா, உனக்குக் கால் வீங்கியிருக்கு. வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்கணும். நான் போயிட்டு வந்து ஒண்ணுவிடாம சொல்றேனே."

"நீ சொல்றதைத்தானேடா ஆறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கில்லம்மா..."

"கல்லு வெச்சிருக்காங்க. என் பிள்ளைக்குக் குழி இல்லை, சிலுவை இல்லை. எல்லாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு மெழுகுவத்தி ஏத்துறப்ப நான் இடுகாட்டு வாசல்ல பிச்சைக்காரி மாதிரி நிக்கிறேன். இன்னிக்குத்தான் எனக்குன்னு ஒரு இடம் கிடைக்குது. என்னை வீட்டுல இருங்கிறியா?"

சிதோனி அம்மாவின் கறுப்புப் பாவாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டி நின்றது. தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

தெயோதா சட்டையில் மெடலைக் குத்தியிருந்தான். சண்டைக்குப் போய்த் திரும்பிய எல்லோரும் இன்றைக்குக் குத்திக்கொள்வார்கள். மேயர் அலுவலகத்திலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அதைக் கழட்டு" என்றாள் அம்மா.

"எல்லாரும் போட்டுக்கிட்டு வருவாங்கம்மா."

"அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க அம்மா சம்மதிச்சிருப்பா. உசுரைப் பத்திரமா மூட்டை கட்டி எடுத்துட்டு வந்ததுக்கா உனக்கு மெடலு? வர வேண்டியவன் வரலை. நீ வந்து நிக்கிறே, மெடலோட!"

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். முப்பது வயது ஆண்பிள்ளை, கரும்பு வண்டிக்கு நாலு மாட்டைக் கட்டி மேட்டில் ஏற்றுகிறவன், அம்மாவின் எதிரே இப்படித்தான் இருந்தான். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். திருப்பி ஒரு வார்த்தை பேசேன்டா என்று நமக்கே தோன்றும். ஆனால் பேசினால் எங்கே போய் முடியும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

*

ஒன்பது மணிக்கு மேயர் அலுவலகப் பின்வாசல். எழுத்தர் சிகிஸ்பேர் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா..."

"வந்துட்டியா? ராத்திரி பூரா தூக்கம் இல்லை, உன்னாலதான்."

"ஒரே ஒரு பேருய்யா. காத்துல போற சத்தம். கல்லை நான் மாத்தச் சொல்லலையே."

"ஏன்டா, கல்லுல இருக்கிறதைப் படிக்கத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க. மேயர் பக்கத்துல நிப்பாரு. அவர் எண்ணினா?"

"அவரு தன் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருப்பாரு."

எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "சரி. பதினேழாவதுக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவுல சொருகிடுறேன். இந்த வருஷம் மட்டும். அடுத்த வருஷம் உங்கம்மாவை நீயாச்சு, உன் பொய்யாச்சு."

தெயோதா அவர் கையைப் பிடித்து முத்தமிடப் போனான்.

"சீ, விடு. நான் உனக்காகப் பண்ணலை. உங்கம்மா என் வாசல்ல வந்து கத்தக் கூடாதுன்னு பண்றேன்."

*

சதுக்கம் நிரம்பியிருந்தது. கல்லின் மேல் ஒரு சிப்பாய் சிலை. பிரான்ஸில் வார்த்துக் கப்பலில் வந்தது. வெள்ளை முகம், நீலச் சட்டை, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. கொடியை உருவி அதைத் திறந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"இது யாரு?" என்று மீன்காரி ஒக்தாவி சத்தமாகவே கேட்டாள்.

"சிப்பாய்."

"செத்த பசங்க எல்லாம் கறுப்பு. நிக்கிறவன் மட்டும் எங்கிருந்து வந்தான்? என் சத்தூர்னினுக்கு மீசையே முளைக்கலை."

நாலு பேர் சிரித்தார்கள். மேயர் தொண்டையைச் செருமினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். தாய்நாடு என்று அவர் சொல்லும்போதெல்லாம் கையைக் கடல் பக்கம் நீட்டினார். பள்ளிப் பிள்ளைகளில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

பதினொன்றுக்குக் கோவில் மணி அடித்தது. எழுத்தர் காகிதத்தைப் பிரித்தார்.

ஒவ்வொரு பெயராக விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் எழுந்தது, மேளம் ஒரு அடி அடித்தது. சில அம்மாக்கள் கத்தினார்கள், சிலருக்குக் குரலே எழும்பவில்லை. ஒரு பெயருக்கு வீட்டில் யாருமே மிச்சமில்லாததால் பாதிரியார் பதில் சொன்னார். தெயோதா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். பதினைந்து. பதினாறு. பதினேழு.

எழுத்தர் ஒரு நொடி நிறுத்தினார். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"லொபியே, லியான்ஸ்!"

"பிரான்ஸுக்காக இறந்தான்!"

எமராந்த் அம்மாளின் குரல் அந்தச் சதுக்கத்திலேயே பெரிய குரல். மேளம் அடித்தது. எழுத்தர் பதினெட்டாவது பெயருக்குப் போய்விட்டார். மேயர் காலரைத் தளர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தார்.

முடிந்தது. தெயோதாவுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷத்தில் வந்த அழுகை. இன்னும் ஒரு வருடம் தப்பித்தோம் என்று மனசுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னான்.

*

யாரும் சொல்லிக் கொடுக்காமலே பெண்கள் வரிசையாகக் கல்லிடம் போக ஆரம்பித்தார்கள். கோவிலில் புனிதரின் காலைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொள்வார்களே, அப்படி. எழுத்து தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் விரலைப் பிடித்துப் பிள்ளையின் பெயர்மேல் வைத்தார்கள். கீழே ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி. இதை எழுத்தரும் யோசிக்கவில்லை, தெயோதாவும் யோசிக்கவில்லை. காதுக்கு வேண்டிய ஏற்பாட்டைப் பண்ணியவர்கள் கையை மறந்துவிட்டார்கள்.

"எங்க இருக்கு?" என்றாள் அம்மா.

"கூட்டம் குறையட்டும்மா."

"இப்பவே காட்டு."

"அக்கா காட்டுவா..."

"அக்காவைக் கேட்கலை. உன்னைக் கேட்டேன்." வலது கையை நீட்டினாள். சுட்டுவிரல் மட்டும் நீண்டிருந்தது. "நீதானே கூட இருந்தே. நீயே வை."

சிதோனி இரண்டடி தள்ளி நின்றாள். நெருங்கவில்லை. தெயோதா அம்மாவின் விரலைப் பிடித்தான். கல்லில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. ஏதோ ஒன்றில் வைக்க வேண்டும். அம்மா குனியாமல் எட்டுகிற உயரத்தில், கண்ணில் முதலில் பட்ட வரியில் வைத்தான்.

"இதாம்மா."

எமராந்த் அம்மாள் அந்த வரியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடவினாள். அவசரமே இல்லை. விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"ஏ எமராந்த்! அது என் பிள்ளை! கையை எடுடீ!"

ஒக்தாவி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். மீன் வெட்டுகிற கை; நாலு பேர் தானாகவே விலகினார்கள்.

"கீழேயிருந்து மூணாவது. கல்லு வெச்ச கொத்தனாரு நேத்திக்கே என் கையைப் பிடிச்சுக் காட்டிட்டாரு. இப்பத்தான் முத்தம் குடுத்துட்டு நகர்ந்தேன். நீ எதுக்கு என் பிள்ளையைத் தடவுறே?"

"கொத்தனார் தப்பாச் சொல்லியிருப்பாரு" என்றான் தெயோதா.

"வாத்தியாரே! இங்க வாங்க! படிங்க இதை!"

வாத்தியார் வந்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், படித்தார். சத்தூர்னின்தான். "அப்ப லியான்ஸ் எங்கே இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க, பாவம், பெரியம்மா தேடுறாங்க" என்றார் யாரோ, உதவுகிறோம் என்ற நினைப்பில். வாத்தியார் மேலிருந்து தொடங்கினார். இருபத்திரண்டையும் படித்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இல்லையே" என்றார்.

மேயர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தெயோதாவோடு அதே படையில் இருந்த இரண்டு பேர், மெடல்கள் மினுங்க, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தெரியும். பத்து வருடமாக வாயைத் திறக்காதவர்கள் அவர்கள்.

"என்னடி எமராந்த், உன் வீரனை எழுத மறந்துட்டாங்களா?" என்றாள் ஒக்தாவி. "இத்தனை வருஷமா எங்களைத் தள்ளிவிட்டுட்டு முன்வரிசையில நின்னியே!"

எமராந்த் அம்மாள் அழுவாள், மயங்குவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள்.

"யாரும் மறக்கலை. என் மூத்தவன் பேரு இதுல இருக்காதுன்னு எனக்குத் தெரியும். அவனைப் பிரான்ஸ்காரனே கம்பத்துல கட்டிச் சுட்டான். அங்கிருந்த பாதிரியார் அப்பவே கடுதாசி போட்டுட்டாரு. பத்து வருஷமாத் தெரியும்."

கூட்டம் ஓரடி முன்னால் நெருங்கி வந்தது.

"காட்டிக் குடுத்தது யாருன்னும் எழுதியிருந்தாரு." தெயோதாவின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவன். கூடப் பிறந்தவன். 'நான் பார்க்கலை'ன்னு சொல்லி அவனைக் கம்பத்துக்கு அனுப்பினவன். அப்புறம் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து, வீரமாச் செத்தான்னு கதை சொன்னான். சரி, எத்தனை நாளைக்குச் சொல்றான்னு பார்ப்போம்னு இருந்தேன். இன்னிக்கு விரலைக் குடுத்தேன். அடுத்தவ பிள்ளை மேல வெச்சான்."

"அம்மா, அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். என் காதுல சொன்னான். சத்தியமாம்மா. பொய் சொன்னா ரெண்டு பேரையும்..."

"செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடுறியா? அவன் வாயைத்தான் நீ அடைச்சிட்டியே."

"அம்மா!"

அவள் அவனை விட்டாள். கல்லின் எதிரே போய், எழுத்தர் நின்ற அதே இடத்தில் நிமிர்ந்து நின்றாள். அவரைப் போலவே குடும்பப் பெயரை முதலில் வைத்துக் கூப்பிட்டாள்.

"லொபியே, தெயோதா!"

அவளே பதில் சொன்னாள்.

"செத்தான்."

பிரான்ஸுக்காக என்று அவள் சேர்க்கவில்லை. மேளக்காரர், காலையிலிருந்து அடித்த பழக்கத்தில், ஒரு அடி அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் குச்சியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒக்தாவிகூட நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

*

பகல் ஒரு மணிக்குச் சிதோனி அடுப்பை மூட்டினாள். கருவாட்டை ஊறவைத்துவிட்டு, ஈரப்பலாக்காயைக் கீறி வேகப்போட்டாள். முன்னறையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

சிதோனி தன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடியில், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் வாங்கிய பரிசுப் புத்தகத்துக்குள், அந்தக் கடிதம் இருந்தது. இரண்டு தாள்கள்.

முதல் தாளை 1915-இல் அவள்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். கம்பம், விசாரணை, தம்பியின் சாட்சி. அந்த இடத்தில் அம்மா "போதும், நிறுத்து" என்று கத்திவிட்டுக் கடிதத்தைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டாம் தாள் ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது.

சிதோனிக்கு அது மனப்பாடம். ஆனாலும் இன்றைக்கு இன்னொரு முறை படித்தாள்.

"கடைசி இரவு முழுக்க உங்கள் மகனோடு இருந்தேன். கையைத் தானே சுட்டுக்கொண்டதை என்னிடம் ஒப்புக்கொண்டான். 'பார்க்கவில்லை என்று சொல்' எனத் தம்பியைக் கட்டாயப்படுத்தியது தான்தான் என்றும் சொன்னான். இல்லாவிட்டால் இருவரும் போயிருப்பார்கள். அம்மா தம்பியைக் கோபிக்கக் கூடாது, என்மேல் வைத்திருக்கும் பாசத்தையும் அவனுக்கே கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். இதை உங்களுக்கு எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

முதலில் பயத்தால் சொல்லவில்லை. அம்மா அப்போது பாத்திரத்தை எடுத்து எறிகிற நிலையில் இருந்தாள். எறிவதெல்லாம் சிதோனி மேல்தான் விழுந்தது. கறுத்தவள், கட்டிக்கொள்ள ஆள் வராதவள், தண்டச்சோறு, நீ போயிருக்கக் கூடாதா என் பிள்ளைக்குப் பதிலா என்று நாலு வருடம். அப்புறம் ஒரு நாள் தெயோதா கப்பலை விட்டு இறங்கினான். அன்றோடு சிதோனியின் மேல் விழுந்தது நின்றது. அம்மாவின் நாக்குக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான். ஆறு வருடம் சிதோனி நிம்மதியாகச் சாப்பிட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாம் தாளைக் காட்டினால் அந்த நிம்மதி போய்விடும். கணக்கு அவ்வளவுதான். அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது. திட்டுங்கள், நான் தடுக்கவில்லை.

பின்பக்க வேலியில் யாரோ தட்டினார்கள். தாள்களை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

தெயோதா நின்றிருந்தான். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

"அக்கா, என் துணிமணியைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடு. ரெண்டரைக்குப் பாய்மரக் கப்பல் பெரிய தீவுக்குப் போகுது."

"எங்க தங்குவே?"

"தெரியலை. போனா போதும். ஊர்ல ஒருத்தன் முகத்தைப் பார்க்க முடியலை."

அவள் உள்ளே போய்க் கையில் கிடைத்ததை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். அந்தப் பாதிரியார் கடுதாசியை நீதானே படிச்சே?"

"நான்தான்."

"அவரு ராத்திரி பூரா அண்ணன் கூட இருந்தாரு. அண்ணன் அவர்கிட்ட எல்லாம் சொல்லியிருப்பான். என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருந்தாரா? சாட்சி சொன்னேன்கிறது இல்லை. வேற ஏதாவது. ஒரு வரி. அண்ணன் என்னை என்ன சொன்னான்னு."

வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். தாள் அவள் மார்பில் உறுத்திக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு எடுக்க ஒரு நொடி போதும். உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

"இல்லைடா" என்றாள் சிதோனி. "அவ்வளவுதான் எழுதியிருந்தாரு."

அவன் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சில சமயம் எனக்கே சந்தேகமா இருக்குக்கா. அவன் நிஜமாவே சொன்னானா, இல்லை நான் தப்பிக்கிறதுக்காக அப்படி நினைச்சுக்கிட்டேனான்னு."

அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தான். கூப்பிடுகிற தூரத்தில்தான் வெகுநேரம் போனான். அவள் கூப்பிடவில்லை.

சமையல்கட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துப் போனாள். மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். கைப்பழக்கத்தில் மூன்றாவதையும் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். மேசையில் தெயோதா வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. இந்தப் பக்கம் திரும்பினாள். கண் சிதோனியின் மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையைச் சிதோனி ஆறு வருடமாகப் பார்க்கவில்லை. மறந்திருக்கவும் இல்லை.

"இது என்ன உப்பு?"

"சரியாத்தான்மா போட்டேன்."

"எதிர்த்துப் பேசுறியா? நீயும் இத்தனை வருஷமா அவனுக்கு உடந்தையா இருந்தவதானே? உப்புப் போடத் தெரியலை, ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகத் தெரியலை. என்னோட தட்டுல கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே, தண்டச்சோறு. எழுந்திரு."

சிதோனி எழுந்தாள். சன்னல் வழியே துறைமுகம் தெரிந்தது. கப்பலில் ஆட்கள் பாயை ஏற்றக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் பாதிதான் ஏறியிருந்தது.

"காது கேட்கலையா? தண்ணி கொண்டா!"

அவள் கை ரவிக்கைக்குப் போனது.